ஏக்ஷெ: ஐரிஷ் மொழியில் கவிதைக்கு வழங்கும் ஓர் இலக்கியச் சொல்

ஏக்ஷெ என்பது ஐரிஷ் மொழியின் பெண்பால் பெயர்ச்சொல். கவிதை, கல்வி, புலவர் குழாம், புலவர் கூடும் அவை ஆகிய நான்கு பொருள்களையும் இந்த ஒரே சொல் தாங்குகிறது. ‘புலமை’ என்று மொழிபெயர்த்தால் முதல் இரண்டு பொருள்கள் ஏறக்குறைய பிடிபடும்; மற்ற இரண்டும் நழுவிவிடும். அன்றாட ஐரிஷில் கவிதைக்கு உரிய சொல் ‘ஃபிலீக்த்’. பள்ளிப் பிள்ளைகள் படிப்பதும், வானொலியில் கேட்பதும், புத்தகக் கடையில் அலமாரிக்கு மேல் ஒட்டியிருப்பதும் அதுதான். ஏக்ஷெ ஏட்டுச் சொல். நூலுக்கும் இதழுக்கும் விழாவுக்கும் பெயர் சூட்டும்போதும், பழைய மரபை மதிப்போடு குறிப்பிடும்போதும் மட்டுமே இன்று அது வாயில் வரும்.

வழக்கில் குறுகிப்போனாலும் வரலாற்றில் இது மூத்த சொல். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் கவிதையின் பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் வேரில் ‘செய்தல்’ இருக்கிறது. ஐரிஷ் சொல்லின் வேரில் இருப்பது பெரும்பாலும் ‘காணுதல்’. பாட்டைக் கட்டுகிறவன் என்றல்ல, பிறர் காணாததைக் காண்கிறவன் என்றே அம்மொழி தன் புலவனை முதலில் அழைத்தது. அந்தப் பார்வை பின்னர் படிப்பாயிற்று. படிப்பு ஒரு வகுப்பாரின் பெயராயிற்று. வகுப்பாரின் பெயர் கூட்டத்தின் பெயராயிற்று. ஒவ்வொரு மாற்றமும் சொல்லின் இலக்கணத்திலும் தடம் விட்டிருக்கிறது.

சொற்பிறப்பு

பழைய ஐரிஷில், அதாவது ஏறத்தாழ கி.பி. 600 முதல் 900 வரையிலான மொழியில், ‘ஏகெஸ்’ என்றொரு ஆண்பால் பெயர் இருந்தது. கற்றவன், அறிவன், புலவன் என்பது அதன் பொருள். அதனோடு பண்புப்பெயர் விகுதியான ‘எ’ சேர்ந்து பிறந்ததே ஏக்ஷெ. ‘ஏகெஸ்’ புலவன் என்றால் ‘ஏக்ஷெ’ புலவனாயிருக்கும் தன்மை. இதே அச்சில் வார்த்த இன்னொரு சொல்லும் உண்டு: ‘சொலுஸ்’ என்றால் ஒளியுள்ள, ‘சொல்ஷெ’ என்றால் ஒளி. இரண்டிலும் விகுதி சேர்ந்ததும் நடு அசையின் உயிர் விழுந்துவிடுகிறது. பழைய ஐரிஷில் இது விருப்பத்துக்கு நடந்த சுருக்கமல்ல. சொல் நீண்டால் இரண்டாம் அசையின் உயிர் கெடும் என்பது அம்மொழியின் கண்டிப்பான ஒலி விதி.

‘ஏகெஸ்’ எங்கிருந்து வந்தது? ‘தொ ஏகி’, அதாவது ‘நோக்குகிறான்’ என்ற பழைய வினையோடு மொழியியலாளர் பலர் இதை இணைக்கின்றனர். அந்த வினையின் உள்ளே இருப்பது ‘காண்கிறான்’ என்று பொருள்படும் ‘அத் கீ’ என்பதன் வேர். இன்றைய ஐரிஷில் ‘பார்’ என்பதற்கு வழங்கும் வினையும் அந்தக் குடும்பத்தின் வாரிசுதான்.

இதில் காணாமற்போன ஒரு மெய்யைக் கவனிக்க வேண்டும். பண்டைக் கெல்டிக்கில் ‘ன்’ ஒலியை அடுத்து ‘க்’ வந்த இடங்களில் ஐரிஷ் மூக்கொலியை விழுங்கிவிட்டு, முன்னிருந்த உயிரை நீட்டி, ‘க்’ ஒலியைக் குழைத்துவிட்டது. பிரெட்டன் மொழியில் சாவின் உருவத்துக்கு ‘அங்கூ’ என்று பெயர். அதே சொல் ஐரிஷில் ‘ஏக்’. ‘ன்’ ஒலியை அடுத்து ‘த்’ வந்தாலும் இதே கதை: லத்தீனில் நூறு ‘கெந்தும்’, ஐரிஷில் ‘கேத்’. ‘ஏகெஸ்’ என்பதன் தொடக்கத்து நெடிலும் குழைந்த ககரமும் ‘உள்’ என்று பொருள்படும் ஒரு முன்னொட்டு அங்கே இருந்து கரைந்ததன் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றன. அப்படிப் பிரித்தால் ‘உள்நோக்குபவன்’ என்ற பொருள் கிடைக்கும்.

பழைய ஏடுகளில் இந்தக் குழைந்த ஒலியை ரோமன் எழுத்தான ‘சி’ கொண்டு எழுதினார்கள். பிற்காலத்தார் ‘ஜி’ கொண்டு எழுதினார்கள். எழுத்து மாறியதே தவிர உச்சரிப்பு மாறவில்லை. பழைய ஏட்டையும் இன்றைய அகராதியையும் அருகருகே வைப்பவருக்கு இவை இரண்டு சொற்கள் என்று தோன்றக்கூடும், ஒன்றுதான். 1940களில் தொடங்கி 1958இல் அரசு வெளியிட்ட இலக்கண நூலோடு நிலைபெற்ற எழுத்துச் சீர்திருத்தம், ஒலிக்காத எழுத்துகளைக் களைந்து ‘ஃபிலீக்த்’ போன்ற சொற்களை நன்றாக இளைக்க வைத்தது. ஏக்ஷெயில் களைய ஒன்றும் இல்லாததால் அது தொடப்படாமல் நின்றது.

உறவுச் சொற்கள்

கவிதையைச் சுற்றி ஐரிஷ் ஒரு பெரிய சொற்குடும்பத்தை வளர்த்திருக்கிறது. அவற்றுள் ‘ஃபிலி’ மிக முக்கியமானது. புலவனுக்குச் சட்ட நூல்கள் இட்ட முறையான பெயர் இது. ‘ஃபிலீக்த்’ இதன் அடியாகப் பிறந்தது. கெர்ரி மாவட்டத்துக் கல் ஒன்றில், விளிம்பில் கீறல் கீறலாக வெட்டும் ஓகம் எழுத்தில், ‘வெலிதஸ்’ என்ற வடிவம் கிடைத்திருக்கிறது. ‘புலவனுடைய’ என்று பொருள்படும் ஆறாம் வேற்றுமை வடிவம் அது. ஏட்டில் எழுதிய ஐரிஷ் தொடங்குவதற்கு முன்பே அந்தச் சொல் கல்லில் ஏறிவிட்டது. வெல்ஷ் மொழியில் ‘பார்த்தல்’ என்பதற்கு உரிய ‘க்வெல்ட்’ இதே வேரினது. கி.பி. 69–70இல் ரோமருக்கு எதிராக எழுந்த படேவியர் கிளர்ச்சியின்போது வருவதுரைத்த பெண்ணாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிப்பிடும் வெலேதாவின் பெயரையும் அறிஞர்கள் இந்த வேரோடு சேர்க்கின்றனர். ஆக, ஏகெஸ், ஃபிலி என்ற இரண்டு வெவ்வேறு சொற்கள் வெவ்வேறு வேரிலிருந்து புறப்பட்டு ‘காண்பவன்’ என்ற ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஒரு சொல் அப்படி இருந்தால் தற்செயல் என்று ஒதுக்கலாம். இரண்டு இருக்கும்போது அது அம்மக்களின் கருத்து என்றே கொள்ள வேண்டும்.

இடைக்கால ஐரிஷ் பண்டிதர்களுக்கு இந்த வேர்கள் தெரியா. அவர்கள் தம் வழியில் சொற்களை உடைத்துப் பொருள் கண்டார்கள். 908இல் போரில் மாண்ட மன்ஸ்டர் நாட்டு அரசரும் ஆயருமான கொர்மக் மக் குலென்னானின் பெயரால் வழங்கும் ‘சனஸ் கொர்மக்’ என்ற சொற்களஞ்சியம், ஃபிலி என்பதை ‘ஃபீ’ என்றும் ‘லீ’ என்றும் பிரிக்கிறது. முன்னது நஞ்சு, பின்னது ஒளி. வசை பாடினால் நஞ்சு, வாழ்த்திப் பாடினால் ஒளி என்பது விளக்கம். மொழியியலாக இது தவறு. ஆனால் புலவன் வாயை அந்தச் சமூகம் எவ்வளவு அஞ்சியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

‘தான்’ என்பது இன்னொரு சொல்; நெடில் ஆகாரம். கொடை, திறமை, கைத்தொழில், பாட்டு என்று அதன் பொருள் விரிகிறது; ஊழ் என்ற பொருளும் பின்னர் சேர்ந்தது. லத்தீன் ‘தோனும்’, வடமொழி ‘தான’ ஆகியவற்றோடு ‘கொடு’ என்ற ஒரே தொல்வேரில் இது பிறந்தது. வடமொழி வழியே தமிழுக்கு வந்த ‘தானம்’ என்ற சொல்லும் ஐரிஷ்காரர் பாட்டைக் குறிக்கும் சொல்லும் இவ்வாறு தூரத்து உறவினர். இக்காலத்தில் ‘தான்’ என்றால் ஒரு தனிக் கவிதை, பன்மையில் ‘தான்தா’. ஃபிலீக்த் கவிதை என்ற கலை. ஏக்ஷெ அந்தக் கலையும் அதைத் தாங்கும் கல்வியும் அதைப் பயின்றவர்களும்.

‘அர்கெதல்’ என்ற பழஞ்சொல் ‘பாடு’ என்ற வினையிலிருந்து வந்தது; அது இன்று ஏடுகளில் மட்டும் உறங்குகிறது. ‘பார்ட்’ என்ற சொல்லை உலகம் அறியும். ஆனால் பழைய அயர்லாந்தில் பார்ட் என்பவன் ஃபிலிக்குக் கீழ்ப்பட்டவன். முறையான கல்வி இல்லாத பாடகன் என்பது சட்ட நூல்களின் மதிப்பீடு. ஸ்காட்லாந்து கேலிக்கிலும் மேன் தீவின் மொழியிலும் கவிதைக்கு இன்று வழங்கும் பெயர் இந்த ‘பார்ட்’ அடியாகப் பிறந்ததுதான். தாயகத்தில் பின்வரிசையில் நின்றவன் பெயருக்கு அக்கரையில் முன்வரிசை கிடைத்தது.

பார்வையிலிருந்து படிப்புக்கு

ஏக்ஷெ என்ற சொல்லின் பழைய ஆட்சிகளில் குறி சொல்லுதல், மறைந்ததை அறிதல் என்ற பொருளும் உண்டு. அது எப்படி இருந்திருக்கும் என்பதை ‘தாய்ன் போ கூல்யெ’ என்ற காவியத்தின் ஒரு காட்சி காட்டுகிறது. கனாக்ட் அரசி மேவ் படையோடு புறப்படும் வேளையில் ஃபெதெல்ம் என்ற இளம்பெண் எதிர்ப்படுகிறாள். தான் ஒரு பெண்புலவர், கடலுக்கு அக்கரையிலுள்ள ஆல்பா நாட்டில் கவிதைக் கலை கற்றுத் திரும்புகிறேன் என்கிறாள். அரசி அவளிடம் ஒரு பாட்டுப் பாடச் சொல்லவில்லை. ‘இம்பஸ் ஃபொரொஸ்னை’, அதாவது ஒளிகாட்டும் பேரறிவு, உனக்கு வாய்த்திருக்கிறதா என்று கேட்கிறாள். உண்டு என்றதும், என் படைக்கு என்ன ஆகும் என்று பார்த்துச் சொல் என்கிறாள். ஃபெதெல்ம் கண்டு சொன்னது படை முழுதும் சிவப்பு. புலவர் என்றால் காண்பவர் என்பது அந்த அரசிக்கு விளக்கம் தேவைப்படாத செய்தி.

கொர்மக்கின் சொற்களஞ்சியம் இந்த இம்பஸ் சடங்கைக் கொஞ்சம் அருவருப்போடு விவரிக்கிறது: பன்றி, நாய் அல்லது பூனையின் பச்சை இறைச்சியை மென்று, தெய்வங்களை அழைத்து, உள்ளங்கைகளைக் கன்னத்தில் வைத்துத் தூங்க வேண்டுமாம், தேடியது தூக்கத்தில் தெரியுமாம். புனித பாட்ரிக் இதைத் தடை செய்தார் என்றும், தெய்வங்களுக்குப் படையல் வேண்டாத இன்னொரு முறையை மட்டும் விட்டுவைத்தார் என்றும் அதே நூல் சொல்கிறது. பாட்ரிக் 5ஆம் நூற்றாண்டினர். இந்தக் கதை அவருக்கு மிகவும் பிந்தியது. தடை உண்மையில் நடந்ததோ இல்லையோ, 9ஆம், 10ஆம் நூற்றாண்டுப் பண்டிதர்கள் தம் கலையின் பழைய முகத்தை எப்படி ஒதுக்கிவைத்தார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. சடங்கு போயிற்று; படிப்பு நின்றது. ஏக்ஷெ என்ற சொல்லில் குறி சொல்லும் பொருள் மங்கி, கல்வி என்ற பொருள் மேலோங்கியதும் இதே திசையில்தான்.

இரண்டு காலத்தையும் ஒருங்கே வைத்திருக்கும் கதை ஃபின்னேகெஸ் என்ற கிழவருடையது. பெயரிலேயே ஏகெஸ் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, வீரன் ஃபின்னின் இளமைச் செயல்களைச் சொல்லும் உரைநடை நூலில் இவர் வருகிறார். பாய்ன் ஆற்றங்கரையில் ஏழு ஆண்டுகள் அறிவின் சால்மன் மீனுக்காகக் காத்திருக்கிறார். அவரிடம் ஏக்ஷெ கற்க வந்த சிறுவன் தெவ்னெ மீனைச் சுடும்போது கட்டை விரலைச் சுட்டுக்கொள்கிறான். விரலை வாயில் வைத்ததும் அறிவு முழுதும் அவனுக்குப் போய்விடுகிறது. அன்று முதல் அவன் பெயர் ஃபின். கதையைச் சொல்கிறவர்கள் மீனிலேயே நின்றுவிடுவது வழக்கம். பையன் அங்கே மாணவனாகத்தான் வந்தான் என்பதும், ஏக்ஷெ அங்கே கற்கும் பொருளாகவே பேசப்படுகிறது என்பதும் சொல்லாராய்ச்சிக்கு மீனைவிட முக்கியம்.

கவிதை பிறவியில் வருவதா, பயிற்சியில் வருவதா என்ற கேள்விக்கு அயர்லாந்துப் பண்டிதர்கள் நேரடியாகவே விடை தேடினார்கள். 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு சிறு நூல், ஏக்ஷெயின் கொப்பரை என்ற பொருளில் இன்று அறியப்படுவது, ஒவ்வொருவர் உள்ளும் மூன்று கொப்பரைகள் இருப்பதாகச் சொல்கிறது. ஒன்று நிமிர்ந்தபடி, ஒன்று சாய்ந்தபடி, ஒன்று கவிழ்ந்தபடி. துயரமும் மகிழ்ச்சியும் அவற்றைத் திருப்பும். துயரத்தில் ஏக்கம், பிரிவு, பொறாமை, கடவுளுக்காக நாடு துறத்தல் என்று நான்கு வகை சொல்லப்படுகிறது. நடைமுறைக் கையேடு போல எழுதப்பட்ட நூலில் திடீரென்று இப்படியொரு உளவியல் வருவது வியப்பு. லியம் ப்ரத்னக் 1981இல் இதைப் பதிப்பித்தார்.

புலவரின் இலக்கண நூல்

நம் சொல்லுக்கு அடியான ஏகெஸை ஆறாம் வேற்றுமைப் பன்மையில் தலைப்பிலேயே ஏந்தி நிற்கும் நூல் ‘அவ்ரகெப்த் ந நேகெஸ்’: புலவரின் பாலபாடம். இதன் மூலப்பகுதி 7ஆம் நூற்றாண்டினது என்பது மொழியியலாளர் ஆண்டர்ஸ் ஆல்க்விஸ்ட் போன்றோர் முடிவு. மரபு அதை 679இல் இறந்த கென் ஃபேலத் என்பவருக்கு ஏற்றிச் சொல்கிறது. லத்தீன் இலக்கணம் மட்டுமே இலக்கணம் என்று மேற்கு ஐரோப்பா நம்பியிருந்த காலத்தில் தாய்மொழிக்கு எழுந்த இலக்கண நூல் இது. அதன் துணிச்சல் இலக்கணத்தோடு நிற்கவில்லை. பாபேல் கோபுரத்தில் மொழிகள் 72ஆகப் பிரிந்த பிறகு, ஃபேனியுஸ் என்ற அறிஞர் ஒவ்வொன்றிலிருந்தும் சிறந்ததைப் பொறுக்கி எடுத்துச் செய்ததே ஐரிஷ் என்கிறது நூல். கடவுள் குழப்பியதை ஐரிஷ்காரன் ஒழுங்குபடுத்தினான் என்று சொல்லாமல் சொல்கிறார்கள். லத்தீன் கற்ற துறவிகளுக்கு நடுவே தாய்மொழிப் புலவர் தலைநிமிர்ந்து நிற்க இந்தக் கதை உதவியிருக்க வேண்டும்.

பழைய ஐரிஷில் ஆண்பால், பெண்பால், பொதுப்பால் என மூன்று பால் உண்டு. பொதுப்பால் பின்னர் மறைந்துவிட்டது. ஒரு பெயரின் பாலை அறிய ‘அவன்தான், அவள்தான், அதுதான்’ என்று சுட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறது இந்நூல். புலவர் பயிற்சித் திட்டத்தில் முதல் ஆண்டிலேயே ஓகம் எழுத்து வகைகளோடு இதையும் படிக்க வேண்டும். படிப்பு 12 ஆண்டு.

படிப்பின் அளவுக்குத் தகுந்தபடி ஏழு படிநிலைகள் இருந்தன. அடியில் நிற்கும் ஃபொக்லொக்குக்கு 30 பாடல்களில் தேர்ச்சி போதும். உச்சியில் இருக்கும் ஒல்லவ் 350 அறிந்திருக்க வேண்டும். ‘உரகெக்த் ந ரீர்’ என்ற சட்ட நூல் இந்தக் கணக்கைத் தருகிறது. ஒல்லவின் மான விலை, அதாவது அவரை அவமதித்தால் கட்ட வேண்டிய ஈடு, சிற்றரசனுடையதற்குச் சமம். இன்றைய ஐரிஷில் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் ‘ஒல்லவ்’ என்றே பெயர். சம்பளத்தில் அரசர்களோடு ஒப்பிட முடியாவிட்டாலும் பட்டம் அதே பட்டம்தான்.

இந்த ஏணியில் ஏகெஸ் ஒரு படியின் பெயர் அல்ல. மொத்த வகுப்பாருக்கும் பொதுவான மரியாதைப் பெயர். அதன்மேல் முன்னொட்டுகள் ஏறின. ‘ரீகேகெஸ்’ என்றால் புலவர் அரசு. 597இல் இறந்த கொலம் கில்லெ என்ற துறவியின் மீது பாடப்பட்ட இரங்கற்பாவின் ஆசிரியர் தல்லான் ஃபொர்கில், மரபில் எயோகித் ரீகேகெஸ் எனப்படுகிறார். ‘பனேகெஸ்’ என்றால் பெண்புலவர். குரிதிர் என்ற புலவனைக் காதலித்துத் துறவறம் பூண்ட லீயதன் பற்றிய பழங்கதை அவளை இந்தச் சொல்லாலேயே அறிமுகப்படுத்துகிறது.

சொல்லின் இலக்கணம்

பழைய ஐரிஷில் ஏக்ஷெ பெண்பால் பெயர்களின் ஒரு வகையைச் சேர்ந்தது. எழுவாயிலும் ஆறாம் வேற்றுமையிலும் ‘ஏக்ஷெ’. இரண்டாம், நான்காம் வேற்றுமைகளில் ‘ஏக்ஷி’. கடைசி உயிர் ஒன்றுதான் வேறுபாடு. இடைக்கால ஐரிஷில் சொல்லின் இறுதியிலுள்ள அழுத்தம் பெறாத குறில்கள் எல்லாம் ஒரே மங்கிய ஒலியாகத் தேய்ந்தன. அதோடு இந்த வேறுபாடும் போயிற்று. இன்றைய இலக்கணம் இதை நான்காம் வகைப் பெயர் என்கிறது: எந்த வேற்றுமையிலும் உரு மாறாதது.

இறுதி மாறாதென்றால் முதல் மாறும். ஐரிஷில் வேற்றுமையையும் பாலையும் சொல்லின் தலையில் அடையாளமிடுவது இயல்பு. ‘அன்’ என்ற சுட்டு முன்னே வந்தால் எழுவாயில் ‘அன் ஏக்ஷெ’. பெண்பாலானதால் நடுவே எதுவும் தோன்றாது. ஆண்பாலான ‘ஏகஸ்’ (பழைய ஏகெஸின் இன்றைய வடிவம்) என்றால் நடுவே தகரம் புகும்: ‘அன் த்யேகஸ்’. ஆறாம் வேற்றுமையில் பெண்பால் சுட்டு ‘ந’ ஆகிவிடும். அப்போது உயிருக்கு முன் ஹகரம் தோன்றும்: ‘ந ஹேக்ஷெ’. ஆண்பாலுக்கு ஆறாம் வேற்றுமையில் அந்தத் தகரம் மறைந்து, இறுதி மெய் மென்மையாகி, ‘அன் ஏகிஷ்’ என்று நிற்கும். பன்மை ஆறாம் வேற்றுமையில் நகரம் ஒட்டும்: ‘ந நேகஸ்’. மேலே கண்ட பாலபாடத்தின் தலைப்பில் நிற்கும் நகரமும் இதுவே. அகராதியில் இச்சொல்லைத் தேடுகிறவர் ஹகரத்தையோ நகரத்தையோ தகரத்தையோ கழற்றிவிட்டுத் தேட வேண்டும். புதிதாக ஐரிஷ் கற்பவர் முதலில் தடுமாறும் இடம் இது.

பின்னால் வரும் பெயரடையும் பெண்பாலுக்கு இணங்கி முதல் மெய்யைக் குழைத்துக்கொள்ளும். ‘மஹ்’ (நல்ல) என்பது ஏக்ஷெக்குப் பின் ‘வஹ்’ ஆகும்.

இவை எல்லாப் பெண்பால் பெயர்களுக்கும் பொது. ஏக்ஷெக்கு மட்டும் உரிய சிறப்பு வேறு. பண்புப்பெயராகப் பிறந்த இது, நடுவில் தொகுதிப்பெயராக மாறியது. ‘அயர்லாந்தின் ஏக்ஷெ’ என்றால் கவிதையும் ஆகலாம். புலவர் கூட்டமும் ஆகலாம். உரு ஒருமையாக இருக்க, பொருள் பன்மையாகிறது. சுட்டுப்பெயர் சில இடங்களில் உருவைப் பின்பற்றி ‘அவள்’ என்றும் சில இடங்களில் பொருளைப் பின்பற்றி ‘அவர்கள்’ என்றும் வரும். தமிழில் ‘புலமை’ என்ற சொல்லால் புலவர்களைக் குறிக்க முடியாது. ஐரிஷ் தயங்காமல் குறித்தது. பிற்காலத்தில் ஏகஸ் என்பதன் பன்மை வேண்டிய இடத்திலும் ஏக்ஷெயே வந்து நின்றது. கலையின் பெயரே கலைஞர்களின் பன்மை ஆயிற்று. கலை வேறு, அதைச் செய்யும் வகுப்பார் வேறு என்று அந்தச் சமூகம் பிரித்துப் பார்க்கவில்லை என்பதால் இந்தக் கலப்பு யாரையும் உறுத்தியிராது.

ஒப்பிட ‘தான்’ உதவும். அதன் இன்றைய ஆறாம் வேற்றுமை ‘தாயின்’. ஆனால் ‘ஈஸ் தானா’, அதாவது கலைஞர் குலம், என்ற பழந்தொடரில் மட்டும் பழைய ஆறாம் வேற்றுமையான ‘தானா’ உறைந்து கிடக்கிறது. 1981இல் அயர்லாந்தின் கலை மன்றம் படைப்பாளிகளுக்கென ஓர் அமைப்பை நிறுவியபோது அதற்கு ஈஸ்தானா என்று பெயர் வைத்தது.

பள்ளி, நீதிமன்றம், விழா

12ஆம் நூற்றாண்டின் முடிவிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் நடு வரை ஏக்ஷெ புலவர் குடும்பங்களின் பள்ளிகளில் வாழ்ந்தது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்தின் கேலிக் பகுதிகளிலும் ஒரே செந்தர மொழியில் எழுதினார்கள். பேச்சு மொழி ஊருக்கு ஊர் மாறிக்கொண்டிருந்தது. செய்யுள் மொழி மாறவில்லை. எந்தப் பெயர் எந்த வேற்றுமையில் எப்படி வரலாம், எது பிழை என்று இலக்கண ஏடுகள் வகுத்தன. ஏற்க முடியாத வடிவத்தின் அருகே ‘பிழை’ என்று குறித்தும் வைத்தார்கள். ஒஸ்பர்ன் பெர்கின் 20ஆம் நூற்றாண்டில் இவற்றை அச்சேற்றினார். யாப்பும் அதே கண்டிப்பு. பெரும்பாலும் அடிக்கு ஏழு அசை. இயைபில் உயிர்கள் ஒத்திருக்க வேண்டும், மெய்கள் ஒரே எழுத்தாக இராவிட்டாலும் ஒரே இனமாக இருக்க வேண்டும். ‘ப்’ ஒலிக்கு ‘க்’, ‘த்’ இயையும். காதுக்கு இயைபே இல்லாதது போலத் தோன்றும் இடத்திலும் விதி இம்மி பிசகாமல் காக்கப்பட்டிருக்கும்.

1722இல் லண்டனில் அச்சான ஒரு நினைவுக் குறிப்பின் முன்னுரை இந்தப் பள்ளிகளை விவரிக்கிறது. ஊர் இரைச்சல் எட்டாத இடத்தில் சன்னலற்ற தாழ்வான கட்டடம். ஆசிரியர் பொருளும் யாப்பும் சொல்லிவிடுவார். மாணவர்கள் நாள் முழுவதும் இருட்டில் கட்டிலில் படுத்தபடி பாட்டை மனத்திலேயே கட்ட வேண்டும். மாலையில் விளக்கு வரும், அப்போதுதான் எழுதலாம். செப்டம்பர் இறுதியில் தொடங்கி மார்ச் 25 வரை பள்ளி நடக்கும். ‘காண்பவன்’ என்று பெயர் பெற்றவனின் பயிற்சி கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அறையில் நடந்தது. பழைய இம்பஸ் சடங்கின் எச்சம் இது என்று சொன்னவர்கள் உண்டு. மனம் சிதறாதிருக்கச் செய்த எளிய ஏற்பாடு என்பதற்கு மேல் எதையும் இதில் ஏற்றத் தேவையில்லை என்றே படுகிறது.

1601இல் கின்சேல் போரில் ஐரிஷ் தலைவர்களுக்கு ஆங்கிலேயரிடம் தோல்வி. 1607இல் வடபுலத் தலைவர்கள் நாட்டைவிட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினர். புரவலர் போனதும் பள்ளிகள் ஒடுங்கின. அந்த வேளையிலும், 1616 முதல் சில ஆண்டுகள், வடக்கு உயர்ந்ததா தெற்கு உயர்ந்ததா என்று இரு பக்கப் புலவர்கள் செய்யுளில் மல்லுக்கு நின்றார்கள். இது வீண் வழக்கு என்று அக்காலத்திலேயே கேலி செய்தவர் உண்டு. தாவி ஓ ப்ருவதர் (1698இல் மறைந்தவர்) கல்விக்கு மதிப்பில்லாத உலகத்தைச் சீறிச் சீறிப் பாடினார்.

18ஆம் நூற்றாண்டில் சொல் இன்னொரு உரு எடுத்தது: ‘கூர்த் ஏக்ஷெ’, புலவர் நீதிமன்றம். மன்ஸ்டர் பகுதியில் உழவரும் பள்ளி ஆசிரியரும் கடைக்காரருமான கவிஞர்கள் அவ்வப்போது கூடினார்கள். தலைமை தாங்குபவர் நீதிபதி போல் அமர்வார். ஆங்கிலேயர் நீதிமன்றத்தின் பிடியாணையைப் பகடி செய்யும் ‘பரான்தஸ்’ என்ற செய்யுள் வகையில் அழைப்பாணை எழுதுவார்கள். தொப்பி திருடினான், கோழி திருடினான் என்பன போன்ற குற்றங்கள். சட்டம் தம் மொழியைப் புறக்கணித்த நாட்டில் சட்டத்தின் மொழியையே விளையாட்டுப் பொருளாக்கினார்கள். லிமெரிக் மாவட்டத்தில் மை ஆற்றங்கரையிலுள்ள க்ரூமில் ஷான் ஓ தூமா (1706–1775) நடத்திய மதுக்கடை இப்படியொரு மன்றம். ஆங்கிலத்தின் ஐந்தடிக் குறும்பாட்டான லிமெரிக் இங்கேதான் பிறந்தது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. ஊர்ப்பெருமை தவிர அதற்கு வலுவான சான்று இல்லை.

1925இல் கார்க் மாவட்டத்து மஸ்கெரி பகுதியில் இந்த மன்ற மரபைப் புதுப்பித்து ஒரு புலவர் பள்ளி தொடங்கினார்கள். இடையில் நின்று, 1970 வாக்கில் மறுபடி எழுந்தது. 1939இல் ஜெரார்ட் மர்ஃபியை ஆசிரியராகக் கொண்டு ஐரிஷ் ஆய்விதழ் ஒன்று வெளிவந்தது. அதன் பெயர் ‘ஏக்ஷெ’. பழைய செய்யுள்களின் பதிப்புகளும் சொல்லாராய்ச்சிகளும் அதில் வந்தன. கவிதை இதழ் அல்ல, ஆய்விதழ் என்பதால் பெயர் பொருந்தாது என்று யாரும் குறை சொல்ல முடியாது. கல்வி என்பதும் சொல்லின் நேர்ப்பொருளே.

இன்றைய ஆட்சியில் மேலோங்கி நிற்பது நான்காம் பொருள்: கவிதை விழா, இலக்கியத் திருவிழா. கார்லோ நகரின் கலைவிழா நெடுங்காலம் இந்தப் பெயரில் நடந்தது. லிமெரிக் மாவட்டத்தின் நியூகாசில் வெஸ்டில் ஆண்டுதோறும் நடப்பது ‘ஏக்ஷெ மைக்கேல் ஹார்ட்னெட்’. கவிஞர் ஹார்ட்னெட் (1941–1999) பிறந்தது அதே க்ரூமில். 1970களின் நடுவில் இனி ஆங்கிலத்தில் எழுதுவதில்லை என்று அறிவித்துவிட்டுப் பத்தாண்டுகள் ஐரிஷில் மட்டும் எழுதினார். ஓ ப்ருவதரை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே. அவர் பெயரிலான விழாவின் அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைவன. அங்கே ஏக்ஷெ ஒரு விழாவின் பெயராக, வேற்றுமைக்கேற்ப ஹகரம் ஏற்காமல் எல்லா இடத்திலும் ஒரே உருவில் வருகிறது. ஐரிஷில் எழுதும்போது மட்டும் ‘க்ளார் ந ஹேக்ஷெ’, விழாவின் நிகழ்ச்சி நிரல், என்று அந்த ஹகரம் திரும்பிவிடும்.